பதில்: கடை வாசலில் நன்கொடை கேட்டவர்கள் உண்மையானவர்களா?

சகோ, சூப்பர் மார்க்கெட் வாசலில் டேக் மாட்டிய இரண்டு பேர், புற்றுநோய் வந்த குழந்தையின் படத்தைக் காட்டி ஜிபேயில் 500 ரூபாய் வாங்கினார்கள், ரசீதும் தந்தார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஜிபே ஹிஸ்டரியைத் திறந்து, பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். அறக்கட்டளை பெயருக்குப் பதில் தனி ஆள் பெயர் இருந்தால், சந்தேகப்பட எனக்கு அதுவே போதும்.

ரசீதில் 'அரசுப் பதிவு பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் மயங்காதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிவது பெரிய காரியமே இல்லை. பான் எண் இருக்கிறதா? அதன் நான்காவது எழுத்து டிரஸ்டுக்கு 'டி' (T), கம்பெனிக்கு 'சி' (C). 'பி' (P) என்றால் தனிநபர். 80ஜி எண் (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க அமைப்பு பெறும் அனுமதி) போட்டிருந்தால் வருமான வரித் துறை தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். (80ஜி இல்லாத நல்ல சின்ன அமைப்புகளும் உண்டு.)

நிஜ அமைப்பின் பெயரிலேயே போலி ரசீது அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் அந்த அமைப்புக்கே போன் போட்டுக் கேளுங்கள். ரசீதில் உள்ள நம்பருக்கு வேண்டாம், அவர்கள் இணையதளத்தில் உள்ள நம்பருக்கு.

மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால், "எந்த ஆஸ்பத்திரி? அங்கேயே நேரா கட்டிடறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.