காட்பாடி தாண்டி புது லேஅவுட்டில் வீடு வாங்கலாமா? ஏரியா சரியா என்று எப்படிப் பார்ப்பது?

சென்னையிலிருந்து வேலூருக்கு மாற்றலாகி வருகிறீர்கள். காட்பாடி தாண்டி ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார், ஏரியாதான் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்துக்காரன். என்னைக் கேட்டால் தண்ணீரை மட்டும் நன்றாக விசாரியுங்கள் என்பேன். மே மாதம் குழாயில் வருகிறதா, நவம்பரில் வீட்டுக்குள் வருகிறதா, இரண்டையும். மற்ற குறைகளோடு எப்படியும் குடித்தனம் நடத்திவிடலாம்.

பாலாறு வெறும் மணலாகக் கிடப்பதைப் பார்த்து வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள். 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஆற்றுக்குத் தள்ளி இருந்தவர்களையும் ஏரிகள் விடவில்லை. கழிஞ்சூர் ஏரி நிரம்பி, கீழே இருந்த நகர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அதனால் "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "சேச்சே" என்றுதான் சொல்வார்கள். "ஏரி கோடி போனால் (நிரம்பி வழிந்தால்) தண்ணி எந்தப் பக்கம் இறங்கும்?" என்று பழைய ஊருக்குள் போய் ஒரு பெரியவரைக் கேளுங்கள். அவர் யோசிக்கவே மாட்டார், கையை நீட்டிக் காட்டிவிடுவார். அப்புறம் கிராம வரைபடத்தையும் அந்த வீட்டு சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நில அளவைப் படம்) வாங்கி, வாய்க்கால், ஓடை என்று கோடு ஓடும் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று நேரில் நடந்து பாருங்கள். தார் ரோடு இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

தெருவே நிறைய சொல்லும். எதிர் வரிசையில் எல்லோரும் ஐந்து படி ஏறி வீட்டுக்குள் போகிறார்கள், விற்பனைக்கு வந்த வீடு மட்டும் ரோட்டு மட்டத்தில் இருக்கிறது என்றால் அந்த ஐந்து படிக்குக் காரணம் கேளுங்கள். காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அப்படியே.

இனி மே மாதம். இங்கே மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை. பாறை இடுக்கில் இருந்தால்தான் தண்ணீர். பக்கத்து வீட்டு போரில் கொட்டுகிறது என்பதால் உங்கள் போரிலும் கொட்டும் என்று சொல்ல முடியாது. விற்பவர் மோட்டார் போட்டுக் காட்டுவார். ஜனவரியில் காட்டினால் அது கணக்கில்லை. குளியலறைக் குழாயின் வாயைத் தடவிப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகச் சொரசொரப்பாக உப்பு படிந்திருந்தால் குடிக்க கேன், துவைக்க லாரி என்று மாதாமாதம் ஒரு செலவு நிற்கும். காவிரித் தண்ணீர் இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்துவிட்டதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை விடுகிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். லாரி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பாதாளச் சாக்கடை வராத தெருவென்றால் செப்டிக் டேங்க் வண்டியும் அதே வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இதையெல்லாம் சொந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை, தங்கள் இடத்தின் மதிப்பை அவர்களே குறைத்துக்கொள்வார்களா என்ன? வாடகைக்கு இருப்பவர்களைக் கேளுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்கு யார் எதற்காகக் காலி செய்தார்கள் என்பது வரை தெரியும்.

இடம் மாநகராட்சியா பஞ்சாயத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2011இல் தாராபடவேடு, சத்துவாச்சாரி போன்றவை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆனால் லேஅவுட்டுகள் அந்த எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. வரி, குப்பை வண்டி, தெருவிளக்கு எல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.

வேலை வேலூர் பக்கம் என்றால் காலை எட்டரைக்கு ஒருமுறை பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் சந்திப்பு வழியாக ஓட்டிப் பாருங்கள். புரோக்கர் சொல்லும் "பத்து நிமிஷம்" ஞாயிற்றுக்கிழமை மதியக் கணக்கு.

அவசரம் இல்லையென்றால் அதே ஏரியாவில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். வாடகை வீட்டை வி.ஐ.டி. பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன்பே பிடித்துவிடுங்கள். மாணவர்கள் வந்து இறங்கிவிட்டால் குடும்பத்துக்கு வீடு கிடைப்பதும் கஷ்டம், அட்வான்ஸும் ஏறிவிடும்.