முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியார் பாலிசி வேண்டுமா?

முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் வீட்டுக்குத் தனியாக பிரீமியம் கட்டுவது வீண்செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். கையைக் கடிக்கும் என்றால் கட்ட வேண்டாம். கடன் வாங்கி பாலிசி எடுப்பதில் அர்த்தமில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான அட்டை அது. பிரீமியத்தை அரசே கட்டிவிடும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சர்க்கரை, பிரஷர் ஏற்கெனவே இருக்கிறதா என்று யாரும் துருவ மாட்டார்கள். தனியாரில் பழைய நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். ஆனால் அட்டை செல்வது பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும் மருத்துவமனைக்கும் மட்டும்தான்.

சிக்கல் வருமானம் கொஞ்சம் கூடிய வீட்டுக்குத்தான். மாதம் 15,000 சம்பளம் வந்தாலே வரம்பு தாண்டிவிடுகிறது. இவர்களைத்தான் அரசு மறந்துவிட்டது என்பேன். தனிநபர் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் நீங்கியது ஓரளவு ஆறுதல்.

அப்புறம், பாலிசி எடுத்தால் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். நாளுக்கு 5,000 என்று போட்டிருக்க, நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டும் பாதி வெட்டுவதில்லை. பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும். 'வரம்பில்லை' என்று எழுதிய பாலிசி சற்று விலை கூடினாலும் பரவாயில்லை.