ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ஐ.என்.ஆர். சந்தேகங்கள்

திருமங்கலம்: அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ஐ.என்.ஆர். 1.6 வந்திருக்கிறது. ஒன்றுக்கு மேல் இருக்கிறதே, சரிதானே அக்கா?

இல்லை தம்பி. ஐ.என்.ஆர். என்பது ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண். அது கூடினால் ரத்தம் உறைய நேரமாகும், குறைந்தால் சீக்கிரம் உறையும். ஒன்று என்பது இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு. அம்மாவுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வேண்டும். 1.6 என்றால் வால்வில் ரத்தம் உறைய வாய்ப்பிருக்கிறது. இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, வால்வின் டிக் டிக் சத்தம் மங்கினாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

மேலூர்: கீரையே தொடக் கூடாது என்கிறார்கள். துவாதசிக்கு அகத்திக்கீரை சமைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், அது உண்மைதான். ஆனால் சிக்கல் கீரையில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. வாரம் ஒரு கைப்பிடி சாப்பிடுகிறவர், மாட்டுத்தாவணியில் மலிவாகக் கிடைத்ததென்று மூன்று நாள் தொடர்ந்து முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும். விரதமென்று பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தால் ஏறும். துவாதசிக் கீரை வழக்கமான அளவிலேயே இருக்கட்டும். டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப டோஸ் வைப்பார்.

உசிலம்பட்டி: மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். எந்தப் புது மருந்து என்றாலும், நாட்டு மருந்து உட்பட, முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

வாடிப்பட்டி: நேற்று ராத்திரி மாத்திரை மறந்துவிட்டது. இன்றைக்கு இரண்டாகப் போடட்டுமா?

கூடாது. அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் ஆகிவிட்டால் அதை விட்டுவிட்டு வழக்கமான ஒன்று மட்டும். விட்ட தேதியை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

மதுரை, செல்லூர்: பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா?

உங்களுக்கு உலோக வால்வு என்றால் முடியாது. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தப்போக்கும் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2013இல் முடிவு வெளியானது. வால்வுக் கோளாறு இல்லாமல் இதயத்துடிப்பு மட்டும் சீரற்றிருந்தால் மாறலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.