ஒரே புற்று, பல ஈக்கள்: நெருப்பெறும்பும் தலைவெட்டி ஈக்களும்

தென் அமெரிக்க நெருப்பெறும்புகளைத் தாக்கும் சூடாக்டியோன் என்னும் தலைவெட்டி ஈக்களைப் பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஈ எப்படி எறும்புக்குள் போகிறது?

போவது முட்டைதான், தம்பி. பெண் ஈ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். எறும்புக்கு மேலேயே பறந்து பின்தொடர்ந்து, சட்டென்று பாய்ந்து அதன் மார்புக்குள் ஒரு முட்டையைச் செலுத்திவிடும். புழு தலைக்குள் போய் வளரும், எறும்பும் தன் பாட்டுக்கு நடமாடும். கடைசியில் தலை கழன்று விழும். அந்த ஓட்டுக்குள்தான் கூட்டுப்புழு. எறும்பின் வாய் இருந்த துளையைத் தன் முன்பக்கத்தாலேயே மூடிபோட்டது போல அடைத்துக்கொள்ளும், பிறகு அதே வழியாக ஈ வெளியே வரும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அந்த மூடிதான்.

கேள்வி: ஒரே இடத்தில் பல இன ஈக்கள் இருக்குமாமே, போட்டி வராதா சார்?

வரும், ஆனால் பங்கு பிரித்துக்கொள்கின்றன. கர்வாட்டஸ், டிரைகஸ்பிஸ், லிட்டோராலிஸ், ஒப்டூசஸ் எல்லாம் இந்த ஈயின் இனங்கள். முதல் பங்கு எறும்பின் அளவு: கர்வாட்டஸ் சின்ன வேலைக்கார எறும்புகளைத் தேடும், டிரைகஸ்பிஸ் நடுத்தரத்துக்கு மேல், லிட்டோராலிஸ் பெரியவற்றை. அப்புறம் நேரம். பிரேசிலில் லிட்டோராலிஸ் காலையிலும் சாயங்காலமும் மும்முரமாக இருக்கும், உச்சிவெயிலில் டிரைகஸ்பிஸ் வரும். இடமும் உண்டு. புற்றைக் கலைத்தால் டிரைகஸ்பிஸ் வந்து மொய்க்கும், ஒப்டூசஸோ இரை தேடிப் போகும் எறும்புச் சாரையைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: அளவு ஏன் அவ்வளவு முக்கியம்?

ஒரு தலைக்குள் ஒரு ஈதான் வளரும், தலை எவ்வளவோ ஈயும் அவ்வளவுதான். டிரைகஸ்பிஸில் பெரிய தலையிலிருந்து பெரும்பாலும் பெண் ஈக்களே வருகின்றன.

கேள்வி: அமெரிக்காவில் இந்த ஈக்களை விட்டார்களே, எறும்பு ஒழிந்ததா?

ஒழியவில்லை. 1930களில் அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாக வந்த எறும்பு அது, நன்றாக வேரூன்றிவிட்டது. 1997இல் ஃபுளோரிடாவில் டிரைகஸ்பிஸ், பின்னர் கர்வாட்டஸ் என்று ஒவ்வொன்றாக விட்டார்கள். ஈயால் நேரடியாகச் சாகும் எறும்புகள் குறைவு. ஆனால் ஈ தலைக்கு மேல் சுற்றினாலே எறும்புகள் இரையைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும், அந்த நஷ்டம்தான் பெரிது. சரி, பங்கு பிரிப்பு எப்போதும் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. டெக்சாஸில் கர்வாட்டஸ் பரவிய இடங்களில் முன்பே வேரூன்றியிருந்த டிரைகஸ்பிஸ் வெகுவாகக் குறைந்துபோனது.