இங்கிலாந்துத் தொழிலாளர் குடும்பத்தின் வேர்கள்: சென்சஸ் தேடல் பற்றிய கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஆங்கிலேயரை மணந்து அங்கேயே குடியேறிய நம்மவர்கள்தான் அதிகம். சில ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரும் வரலாற்று மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பழக்கம் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகளில் மட்டும்தான், 1841 முதல் 1921 வரை. ஸ்காட்லாந்தின் ஏடுகளுக்கு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற தனித் தளம் உண்டு. அதைப் பற்றிக் கேட்டவர்கள் அங்கே தேடுங்கள்.

கேள்வி (பிரஸ்டன்): அண்ணா, என் மனைவியுடைய பாட்டியின் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்: உயிரோடு இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஒரே பெயரில் லங்காஷயரில் நூறு நெசவாளர்கள் இருந்திருப்பார்கள், அதனால் 1851க்கு நேராகத் தாவவே கூடாது. முதலில் பாட்டியின் பிறப்புச் சான்றிதழ். அதில் அப்பாவின் பெயரும் தொழிலும், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். அதை வைத்துப் பாட்டியின் பெற்றோருடைய திருமணப் பதிவைப் பிடியுங்கள். அங்கே மணமக்கள் இருவருடைய தகப்பன்மார் பெயரும் தொழிலும் கிடைக்கும். அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது, ஆகவே அதுவரை இப்படியே படிப்படியாகப் போகலாம்.

இதோடு கூடவே சென்சஸ். 1921 பதிவில் வேலை கொடுத்தவர் யார், எந்த இடம் என்றுகூட இருக்கும். பஞ்சாலைக் குடும்பம் என்றால் எந்த மில் என்பதே தெரிந்துவிடும். அடுத்து 1911. என் கணக்கில் தொழிலாளர் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏடு இல்லை. 1901 வரை வீட்டார் நிரப்பிய படிவங்களைக் கணக்கெடுப்பாளர் ஒரு புத்தகத்தில் நகலெடுத்தார், படிவங்கள் பிறகு அழிக்கப்பட்டன. 1911இல் படிவத்தையே வைத்துக்கொண்டார்கள். உங்கள் மனைவியின் முன்னோர் கைப்பட எழுதியதை நீங்கள் பார்க்கலாம். மணமான பெண்களிடம் திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்றும் கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்கள் சிலர், தங்களிடம் கேட்காத கேள்வி என்று தெரியாமல் அதையும் நிரப்பினார்கள். அலுவலர் கோடு போட்டு அடித்திருந்தாலும் படிக்க முடியும்.

பிறந்தவர் 9, இருப்பவர் 5, இறந்தவர் 4 என்று இருந்தால் அந்த நால்வரையும் தேடுங்கள். இரண்டு சென்சஸுக்கு நடுவில் பிறந்து இறந்த குழந்தை எந்த சென்சஸிலும் வராது. பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியும் அரசு அலுவலகமான பொதுப் பதிவகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்துப் பிறப்புகளைத் தேடலாம். இறப்பு அட்டவணையில் வயது இருக்கும். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். அந்தக் குழந்தைகளுக்கும் உங்கள் குடும்ப மரத்தில் இடம் கொடுங்கள்.

கேள்வி (ஹாரோ): 1931 சென்சஸ் எப்போது வெளியாகும்?

பதில்: வெளியாகாது. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்தில் நடந்த தீ விபத்தில் முழுவதும் அழிந்துவிட்டன. ஜெர்மன் குண்டுவீச்சில் போனது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. 1951 ஏடுகள் நூறாண்டு விதிப்படி 2052இல்தான் திறக்கும். இடைவெளியை நிரப்ப 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு இருக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்தது, பிறந்த தேதி முழுமையாக இருக்கும். பிறகு மணமான பெண்களின் புதுப் பெயரையும் பல இடங்களில் மேலே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். படையில் இருந்தவர்கள் இதில் வரமாட்டார்கள்.

கேள்வி (லீட்ஸ்): 1841இல் 25 வயது என்று இருப்பவர் 1851இல் 39 வயது என்று வருகிறார். ஒரே ஆளா?

பதில்: இருக்கலாம். 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 25 என்றால் 25 முதல் 29 வரை எதுவும் ஆகலாம். 1841இல் குடும்ப உறவு எழுதப்படவில்லை, பிறந்த ஊரும் இல்லை, அதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) பிறந்தவரா, இல்லை ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாட்டில் பிறந்தவரா என்பது மட்டும்தான். ஒரே வீட்டில் இருக்கும் ஆணும் பெண்ணும் கணவன் மனைவி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அண்ணன் தங்கையாகவும் இருக்கும்.

கேள்வி (ஷெஃபீல்ட்): 1881இல் ஒரு குடும்பமே காணவில்லை. 1871இல் இருக்கிறார்கள், 1891இலும் இருக்கிறார்கள்.

பதில்: அநேகமாக அங்கேயே இருக்கிறார்கள், பெயர் வேறாகப் பதிவாகியிருக்கும். எழுதத் தெரியாத வீட்டில் கணக்கெடுப்பாளர் வாயால் கேட்டு எழுதினார். வடக்கிலும் லண்டன் கிழக்கிலும் ஹகரத்தை விழுங்கிப் பேசுவார்கள், ஹாரிசன் சொன்னால் ஆரிசன் என்று காதில் விழும். அதை நூறாண்டு கழித்து ஒருவர் தட்டச்சு செய்யும்போது இன்னொரு முறை மாறும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, பிள்ளைகளில் அரிதான முதல் பெயர் உள்ளவரையும் பிறந்த ஊரையும் கொடுத்துத் தேடுங்கள். 1881 தட்டச்சுப் பிரதி ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். கிடைத்ததும் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். தட்டச்சுப் பிரதியை மட்டும் பார்த்துவிட்டுப் பெயரைச் சேர்க்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கேள்வி (குரோய்டன்): எங்கள் குடும்பப் பெயருக்கு ஒரு குலச்சின்னம் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இங்கிலாந்தில் குலச்சின்னம் தனி மனிதருக்கும் அவர் வழி வாரிசுக்கும் உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல.

கேள்வி (பர்மிங்ஹாம்): சார், என் கணவரின் பூட்டி கிரேட்லி ஹீத்தில் சங்கிலி செய்பவரின் மனைவி. 1891, 1901 இரண்டிலும் அவருடைய தொழில் கட்டம் காலி. குடும்பத் தலைவி என்று எழுதிவிட்டேன். சரிதானே?

பதில்: எழுதாதீர்கள். அந்த ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த உலைப்பட்டறையில் சிறு சங்கிலிகளை அடித்தார்கள். 1910இல் மேரி மக்கார்தர் தலைமையில் பத்து வாரம் போராடிக் குறைந்தபட்சக் கூலியை வாங்கியவர்கள் இந்தப் பெண்கள்தான். கட்டம் காலியாக இருப்பதால் அவர் சும்மா இருந்தார் என்று ஆகிவிடாது.

எதிர்க்கேள்வி (பர்ன்லி): ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊரின் சென்சஸ் பக்கங்களில் மணமான பெண்கள் வரிசையாக நெசவாளர் என்று இருக்கிறார்கள். எழுதவேண்டியதை எழுதியிருக்கிறார்கள். காலி என்றால் காலிதான். இல்லாததை நாமாகச் சேர்ப்பதும் தவறில்லையா?

பதில்: நல்ல மறுப்பு. இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பர்ன்லியை வைத்து நாடு முழுவதையும் அளக்க முடியாது. வீட்டுவேலை தவிர்த்த வேறு வேலையில், வெளியிலோ வீட்டிலோ, ஒழுங்காக ஈடுபடும் பெண்களின் தொழிலைத் தெளிவாக எழுதவேண்டும் என்பதுதான் முந்தைய சென்சஸ் படிவங்களில் இருந்த விதி. சிக்கல் அந்த ‘ஒழுங்காக’ என்பதில். மில்லில் தறி ஓட்டி வாராவாரம் கூலி வாங்கும் பெண் அதில் அடங்கிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் துணி துவைத்தவர், அறுவடைக்குப் போனவர், கணவனின் பட்டறையில் துருத்தி ஊதியவர் ஆகியோரை எழுதுவதா வேண்டாமா என்பதைக் குடும்பத் தலைவரும் கணக்கெடுப்பாளரும் முடிவு செய்தார்கள். 1891க்கு முன் கணக்கெடுப்பாளர்கள் எல்லோருமே ஆண்கள். பர்ன்லியிலேயே கேட்கிறேன்: தாய்மார் தறிக்குப் போனபோது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது யார்? பக்கத்து வீட்டுப் பாட்டிகள், காசு வாங்கிக்கொண்டு. அந்தப் பாட்டிகளின் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எதிர்க்கேள்வி (வரலாற்று மாணவி, சென்னை): 1881 சென்சஸ் அறிக்கையே மனைவிகளைத் தொழில் இல்லாதவர் பிரிவில் போட்டதே. அப்படியானால் ஏட்டையே நம்ப முடியாதல்லவா?

பதில்: அறிக்கை வேறு, ஏடு வேறு. அறிக்கை லண்டனில் அட்டவணை போட்டவர்களின் முடிவு. நமக்கு வேண்டியது வீட்டு வரிசை. 1911 படிவங்களில் சில கணவன்மார் மனைவியின் கட்டத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதியிருப்பார்கள், அலுவலர் அதை அடித்திருப்பார். வீட்டார் வேலை என்று நினைத்ததை அலுவலகம் வேலையாகக் கணக்கிடவில்லை. தட்டச்சுப் பிரதியில் இது தெரியாது, மூலப் படத்தில் மட்டும்தான் தெரியும்.

எதிர்க்கேள்வி (பர்ன்லி): சரி, எங்கள் தெருவில் அப்படி இரண்டு பாட்டிகளுக்குக் கட்டம் காலிதான். ஆனாலும் ஒரு தனி ஆளைப் பற்றி நீங்கள் எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?

பதில்: ஒரு கட்டத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். அதே தெருவில் முன்னும் பின்னும் நாலைந்து பக்கம் படியுங்கள், மற்றப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று தெரியும். வீட்டில் வாடகைக்குத் தங்கியவர்கள் இருந்தால் அவர்களுக்குச் சமைத்துத் துவைத்தவர் அந்த அம்மாதான். மணமாகும் முன் அவர் என்ன வேலை செய்தார், விதவையான பின் கட்டம் திடீரென்று நிரம்புகிறதா என்று பாருங்கள். கணவன் இறந்ததும் ‘சலவைக்காரி’ என்று வந்தால், அந்தத் தொழிலை அவர் அன்றுதான் கற்றிருப்பாரா? பிறப்புச் சான்றிதழ் இதற்கு உதவாது, தாயின் தொழிலை அதில் சேர்த்ததே 1984இல்தான். பர்மிங்ஹாம் சகோதரிக்கு: ‘தொழில் எழுதப்படவில்லை, சங்கிலிப் பட்டறை வீடு’ என்று குறித்து வையுங்கள். அது உண்மை.

கேள்வி (ஸ்லவ்): 1931 சென்சஸ் எந்தத் தளத்தில் கிடைக்கும்?

பதில்: எந்தத் தளத்திலும் இல்லை. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோவென்ட்ரி): டிஎன்ஏ சோதனையில் 12% ஏதோ வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?

பதில்: அது என் துறை இல்லை. மரபணு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (லிவர்பூல்): 1851இல் பிறந்த ஊர் ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருக்கிறது. மேலே போக வழி உண்டா?

பதில்: அந்த மனிதரை மட்டும் பார்க்காமல் அவருடைய உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் எல்லா ஆங்கில சென்சஸிலும் தேடுங்கள். ஏதோ ஒரு கணக்கெடுப்பாளர் ஒருவருக்காவது கவுண்டி பெயரை எழுதியிருப்பார். லிவர்பூல் கத்தோலிக்கத் திருமணப் பதிவேடுகளையும் பாருங்கள். அயர்லாந்தின் 1821 முதல் 1851 வரையான ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் பிடித்த தீயில் போய்விட்டது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அதற்கு முன் அழித்துவிட்டது. 1901, 1911 இரண்டும் முழுதாக, இலவசமாக இருக்கின்றன. 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டிலும் குடும்பப் பெயர் எந்த வட்டாரத்தில் அடர்த்தி என்று பார்க்கலாம்.

கேள்வி (பெரம்பூர்): எங்கள் குடும்பத்து முதல் ஆள் இங்கிலாந்திலிருந்து வந்த சிப்பாய், பிறகு ரயில்வேயில் சேர்ந்தவர். அவரை ஆங்கில சென்சஸில் பிடிக்க முடியுமா?

பதில்: இந்தப் பக்கமிருந்து போகவேண்டும். சென்னை மாகாணத்தில் நடந்த கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இலவச அட்டவணையிலும் தேடுங்கள். திருமணப் பதிவில் தகப்பனார் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓய்வூதியத்தோடு விலகிய சிப்பாய் என்றால் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையில் அவருடைய விலகல் தாள் இருக்கலாம். பிறந்த பாரிஷும் (சர்ச்சின் கீழ் வரும் ஊர்ப்பகுதி), படையில் சேரும் முன் செய்த தொழிலும் அதில் இருக்கும். பாரிஷ் தெரிந்ததும் அங்கே தங்கிவிட்ட அம்மா, அப்பா, தம்பி, தங்கைகளை சென்சஸில் தேடுங்கள். அவர் 1911இல் இன்னும் படையில் இருந்தவர் என்றால், வெளிநாட்டுப் படைமுகாம்களும் அந்த ஆண்டுக் கணக்கில் உண்டு, இந்தியாவும் சேர்த்து.

கேள்வி (லெஸ்டர்): ஒரு தளத்தில் எங்கள் குடும்ப மரம் 1540 வரை தயாராகவே இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஒருவர் தப்பாக இணைத்ததை இருபது பேர் நகலெடுத்தால் அது சாட்சி ஆகாது. காலுறை நெய்த ஏழைக் குடும்பம் 1540 வரை போகிறது என்றால் ஒவ்வொரு கண்ணிக்கும் மூலப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): 1881இல் என் மாமியாரின் பாட்டனார் 2 வயதுப் பையன். ‘மகன்’ என்று எழுதியிருக்கிற வீட்டுத் தாய்க்கு 51 வயது. அதே வீட்டில் 19 வயதில் ஒரு மகள், நூற்பாலையில் வேலை. என்ன நினைப்பது?

பதில்: நீங்கள் சந்தேகப்படுவது நியாயமானது. மகளுக்குப் பிறந்த பிள்ளையைப் பாட்டி தன் பிள்ளையாகவே வளர்ப்பது தொழிலாளர் தெருக்களில் நடந்ததுதான். உறவு என்ற கட்டம் வீட்டார் சொன்னது, அதற்கு யாரும் சான்று கேட்கவில்லை. பொதுப் பதிவகத்தின் பிறப்பு அட்டவணையில் அந்தப் பையனைத் தேடுங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், பெரும்பாலும் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர் என்று பொருள். பிறகு சான்றிதழை வரவழையுங்கள். பழைய பிறப்புகளுக்குச் சான்றிதழைவிட மலிவாக டிஜிட்டல் படம் கொடுக்கிறார்கள், அதுவே போதும். தாயின் பெயர் மகளுடையதாகவும் தகப்பன் கட்டம் காலியாகவும் இருந்தால் கேள்வி தீர்ந்தது. அவர் பெரியவனாகிச் செய்த திருமணத்தின் பதிவில் தகப்பன் பெயர் என்று தாத்தாவின் பெயர் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பலர் அப்படித்தான் எழுதினார்கள். நடுப்பெயர் ஏதாவது குடும்பப் பெயர் போல ஒலித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், தகப்பன் யார் என்பதற்குச் சில நேரம் அதுதான் ஒரே தடயம். மாமியாரிடம் சொல்வதா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். தாள் கைக்கு வந்தபின், அவருக்குத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் மரத்தில் எழுதி வையுங்கள், இணையத்தில் போடாதீர்கள்.