தாத்தாவின் பக்கவாதமும் பேத்தியின் மேற்படிப்பும்

அன்புள்ள அம்மா,

தாத்தா பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து, 'இது நம் ரத்தத்திலேயே இருக்கிறதா என்று ஆராயப் போகிறேன்' என்கிறாள் உங்கள் மகள். பி.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு. இந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். போடும், ஆனால் அவள் நினைக்கும் அடுப்பில் வேகாது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதற்கு ஒரு மரபணுவைக் குற்றவாளியாகப் பிடித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2004-இல் ஐஸ்லாந்தின் மரபணு ஆய்வு நிறுவனமான டிகோட் அலாக்ஸ்5ஏபி என்ற மரபணுவைக் காட்டியது. அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன்கள் என்ற வேதிப்பொருள்கள் உருவாக உதவும் புரதம் அதிலிருந்து வருகிறது. பிற நாடுகளில் சோதித்தபோது சில இடங்களில் ஒத்துவந்தது, சில இடங்களில் கைவிரித்தது. 2018-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். மரபணுத் தொகுதியில் பக்கவாதத்தோடு தொடர்புள்ள 32 இடங்கள் சிக்கின. 2022-இல் 89 ஆயின. பெரும்பாலானவற்றின் பங்கு கடுகளவே.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. உடலில் அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் கூடும் புரதம் சி.ஆர்.பி. அது கூடுதலாக உள்ளவர்களுக்குப் பக்கவாதமும் அதிகம். ஆனால் பிறவியிலேயே சி.ஆர்.பி.யைக் கூட்டிவைக்கும் மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்கு அபாயம் கூடவில்லை. சி.ஆர்.பி. வெறும் புகை. அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-6 என்ற இன்னொரு புரதத்தின் பாதையில்தான் நெருப்பின் அறிகுறி தெரிகிறது. கருவாகும்போதே சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டதுபோல மரபணு அமைவதைப் பயன்படுத்தி இப்படிப் பிரித்துக் காட்டியது புள்ளியியல்.

ஆகவே, பிளஸ் டூவோடு கணக்குக்கு விடைகொடுத்தவள் மீண்டும் அதனிடம் போக வேண்டும். இந்த ஆண்டே ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைப் பழகட்டும். எம்.எஸ்சி.க்கு ஜாம், கேட்-பி நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும். பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியை வாங்கினால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி., டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி., திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய ஆய்வு நிறுவனங்களை இப்போதே கவனித்து வரட்டும். நிலையான வேலைக்கு ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். இதை மறைத்து ஆசைகாட்ட எனக்கு விருப்பமில்லை.

மகளுக்கு மரபணுச் சோதனை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிறு வயதிலேயே பலருக்குப் பக்கவாதம் வந்த குடும்பம் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் கேட்கலாம். எழுபத்தைந்து வயதில் தாத்தாவுக்கு வந்ததற்காக அவசரப்பட வேண்டாம். பக்கவாதத்துக்கு மிகப் பெரிய காரணம் உயர் ரத்த அழுத்தம். நீங்கள் கடைசியாக எப்போது அளந்து பார்த்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை.