வட்டம் என்றாலே சூன்யமா?

கேள்வி: ஜென் துறவிகள் ஒரே வீச்சில் வரையும் வட்டம் சூன்யத்தின் குறியீடு என்கிறார்கள். ஜப்பானிய அரூப ஓவியர் ஜிரோ யோஷிஹாராவின் வட்டங்களையும் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டுமா?

பதில்: 'ஒரே வீச்சில்' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

துறவியின் வீச்சுக்குத் தத்துவம் இருக்கிறது, சரி. மையும் தாளும் கூட இருக்கின்றன. புகைக்கரியும் பசையும் சேர்ந்த மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைத்து எடுக்கிற மை அது. தாளில் பட்டால் ஊறிவிடும், திருத்த வழியில்லை. தூரிகை ஊன்றிய இடத்தில் மை திட்டாகத் தேங்கும். சுற்றிவரும்போது தீர்ந்துகொண்டே வந்து, முடிகிற இடத்தில் தூரிகை மயிர் பிரிந்து வெள்ளைக் கீற்று விழும். கை எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது என்பதெல்லாம் அதிலேயே பதிந்திருக்கும்.

யோஷிஹாரா (1905–1972) சமையல் எண்ணெய் நிறுவனம் நடத்தியவர். 1954இல் இளம் ஓவியர்களைத் திரட்டி 'குடாய்' குழுவைத் தொடங்கினார். இதுவரை யாரும் செய்யாததைச் செய்யுங்கள் என்பதுதான் அவர்களிடம் அவர் கேட்டது. ஜென் அவருக்குப் பக்கத்து வீட்டு விஷயம். நிஷினோமியாவின் கைசெய்ஜி கோயிலில், நாந்தென்போ என்ற துறவி பெரிய தூரிகையால் மை தெறிக்கத் தெறிக்க எழுதியவற்றைப் பார்த்து அசந்துபோனவர். ஆனால் 1960களில் அவரே வட்டம் வரையத் தொடங்கியபோது கையில் இருந்தது எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக்கும். கறுப்பில் வெள்ளை வட்டத்தை நெருங்கிப் பாருங்கள். அதன் விளிம்பு ஒரே வீச்சில் வந்ததல்ல. வெள்ளை பூசி, சுற்றிலும் கறுப்பால் அரிந்து, மறுபடி வெள்ளையால் தள்ளி, மெல்ல மெல்ல உருவாக்கியது. தள்ளி நின்று பார்த்தால் ஒரு நொடியில் போட்டதுபோல் இருக்கிறது. அந்தத் தோற்றத்துக்காக ஒரு மனிதர் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்! 'சூன்யம்' என்று சொல்லி நகர்ந்துவிட்டால் இந்த உழைப்பு மொத்தமும் கண்ணில் படாமலே போய்விடும்.

படத்தைப் பார்க்காமல் பொருள் சொல்லும் விமர்சனத்தோடு இந்தப் பக்கத்தில் நான் பல வருடமாக மல்லுக்கட்டுகிறேன். துறவிகளே என் கட்சிதான். ஹகாதாவின் ஷோஃபுகுஜி மடத்துத் தலைவராக இருந்த செங்காய் (1750–1837) ஒரு வட்டத்தை வரைந்து பக்கத்தில் எழுதினார்: இதைத் தின்றுவிட்டு ஒரு வாய் தேநீர் குடி. பிரபஞ்சம், பேரொளி, பூரணம் என்று நாம் கைகூப்பி நிற்கும்போது, பெரியவர் அதைப் பலகாரமாக்கித் தட்டில் வைத்து நீட்டுகிறார். எனக்கு அந்தத் தேநீர் அவ்வளவு பிடிக்கும். அதே செங்காய் வட்டம், முக்கோணம், சதுரம் மூன்றையும் ஒன்றோடொன்று உரசவிட்டு ஒரு படம் வரைந்தார். விளக்கம் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஜப்பானின் முதல் ஜென் கோயில் என்று தன் மடத்தைக் குறிப்பிட்டதோடு சரி. அதற்குப் 'பிரபஞ்சம்' என்று பெயர் சூட்டியவர் நூறாண்டுக்கும் பின்னால் வந்த ஜென் அறிஞர் டி.டி. சுசுகி. 1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ஜென் வகுப்புகளில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் உட்கார்ந்திருந்தார். நியூயார்க் கலையுலகத்துக்கு ஜென்னைக் கொண்டுபோனவர்களில் சுசுகிக்குப் பெரிய பங்குண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் செங்காயுடையது அல்ல.

நம் ஊர்க் கண்காட்சிக் கட்டுரைகளுக்கும் இதே வியாதி. இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸாவின் கறுப்பு வட்டத்தையும் ஜென் வட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். 'பிந்து' (புள்ளி) எனப்படும் ரஸாவின் அந்த வட்டம், மத்தியப் பிரதேசத்தில் சிறுவயதில் ஓர் ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார் என்று உட்காரவைத்ததில் தொடங்கியது. அது கனமாக, அடர்த்தியாக, நடுவில் ஊன்றி நிற்கும். யோஷிஹாராவின் வட்டமோ கோணலாக, கொஞ்சம் சரிந்து, சட்டத்தின் ஓரத்தை முட்டப் பார்க்கும்.

1971இல் டெல்லியில் நடந்த இரண்டாவது இந்திய ட்ரியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் யோஷிஹாராவுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே போய்விட்டார். குடாயும் அதோடு கலைந்தது. அவருடைய வட்டத்தை எங்காவது நேரில் பார்க்க வாய்த்தால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டையை அப்புறம் படியுங்கள். முதலில் விளிம்பைப் பாருங்கள்.